மூடி திறந்ததும் நெட் காணோம்: லினக்ஸ் சஸ்பெண்டும் நெட்வொர்க் டிரைவரும்

கேள்வி: "உசிலம்பட்டியில இ-சேவை மையம் வெச்சிருக்கேண்ணே. உபுண்டு 22.04 போட்ட ஒரு லேப்டாப், ஒரு டெஸ்க்டாப். கரண்ட் போனா லேப்டாப்ப மூடிருவேன், வந்ததும் தொறப்பேன். பாதி நேரம் வைஃபை ஐகானே இருக்காது. டெஸ்க்டாப்புக்கு கேபிள்தான், அதுவும் சஸ்பெண்ட் பண்ணி எழுப்புனா சில சமயம் நெட் வராது. ரீஸ்டார்ட் பண்ணாத்தான் சரியாகுது. தேடிப் பாத்து ‘சஸ்பெண்ட்_மாட்யூல்ஸ்’னு ஒரு வரிய சேத்தேன், ஒண்ணும் மாறல. என்ன செய்யலாம்?"

பதில்:

அந்த வரியை முதலில் அழித்துவிடுங்கள். அது பிஎம்-யுடில்ஸ் என்ற பழைய தொகுப்புக்கானது. 2015-இல் வந்த உபுண்டு 15.04 முதல் தூங்க வைப்பதும் எழுப்புவதும், பின்னணிச் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி கைக்குப் போய்விட்டது. /ஈடிசி/பிஎம் அடைவுக்குள் என்ன எழுதினாலும் இப்போது படிக்க ஆளில்லை. பிழை என்றுகூடச் சொல்லாது. அதனால்தான் அந்த வைத்தியம் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, அடுத்த முறை நெட் காணாமல் போகும்போது உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். நெட்வொர்க் கார்டு எந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது அந்த நேரத்தில் மட்டும்தான் தெரியும். ‘சஸ்பெண்டுக்குப் பிறகு நெட் இல்லை’ என்று வெளியே ஒன்றாகத் தெரிவது உள்ளே ஐந்து வெவ்வேறு கோளாறாக இருக்கலாம்: கார்டே பஸ்ஸிலிருந்து (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) விழுந்திருக்கலாம், டிரைவர் எழுந்திருக்காமல் இருக்கலாம், ரேடியோ பூட்டியிருக்கலாம், இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் இன்னும் தூக்கத்தில் இருக்கலாம், அல்லது எல்லாம் சரியாக இருந்து பெயர்த் தேடல் (இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றுவது) மட்டும் நின்றிருக்கலாம். ஒன்றுக்குப் போடும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

ஆணைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

முதல் ஆணை:

எல்எஸ்பிசிஐ -என்என்கே

இதில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற வரி வைஃபை, ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்ற வரி கேபிள். வரியின் கடைசியில் சதுர அடைப்பில் 10இசி:8168 மாதிரி ஓர் எண் இருக்கும். அதுதான் சிப்பின் அடையாளம். பெட்டியில் என்ன ஒட்டியிருந்தாலும் இதை மட்டும் நம்புங்கள். அதற்குக் கீழே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று டிரைவர் பெயர் வரும் (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி). எல்லாம் நன்றாக ஓடும்போது ஒருமுறை அடித்து வெளியீட்டைக் கோப்பில் சேமித்து வையுங்கள். கோளாறு நேரத்தில் அடிப்பதை அதோடு ஒப்பிடலாம்.

கோளாறு நேரத்தில் மூன்று விதமாக வரும். வரியே இல்லையென்றால் கார்டு பஸ்ஸிலிருந்து மறைந்துவிட்டது. வரி இருந்து, அதன் முடிவில் ‘ரெவ் எஃப்எஃப்’ என்று இருந்தால் கார்டு மின்சாரம் இல்லாமலோ இணைப்பு அறுந்தோ கிடக்கிறது. பதில் சொல்லாத சாதனத்தைப் படித்தால் பிசிஐ பஸ் எல்லா பிட்டையும் ஒன்று என்றே திருப்பித் தரும். ஒரு பைட் முழுக்க ஒன்று என்றால் அது எஃப்எஃப். இந்த இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டால் நெட்வொர்க்மேனேஜரை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தும் பிரயோசனமில்லை என்று அங்கேயே முடிவு கட்டலாம். மூன்றாவது, வரியும் டிரைவர் பெயரும் சரியாக இருந்தால் கோளாறு அதற்கு மேலே.

அடுத்து இவற்றை வரிசையாக அடியுங்கள்:

ஆர்எஃப்கில் லிஸ்ட்
என்எம்சிஎல்ஐ ஜெனரல்
என்எம்சிஎல்ஐ டிவைஸ்
பிங் -சி 3 8.8.8.8

ஆர்எஃப்கில்லில் ‘சாஃப்ட் பிளாக்ட்: யெஸ்’ என்று இருந்தால் ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை’ போதும். ‘ஹார்ட் பிளாக்ட்: யெஸ்’ என்று இருந்து, லேப்டாப்பில் வைஃபைக்கென்று தனி சுவிட்சே இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டியது கார்டை அல்ல. அந்தந்தக் கம்பெனி லேப்டாப்பின் விசைகளைக் கவனிக்கும் ஐடியாபேட்_லேப்டாப், ஏசர்_டபிள்யூஎம்ஐ, ஹெச்பி_டபிள்யூஎம்ஐ போன்ற மாட்யூல்கள் (கர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர் துண்டுகள்) இல்லாத சுவிட்ச் அணைந்திருப்பதாகச் சொல்வதுண்டு. அந்த மாட்யூலை ‘சூடோ மாட்ப்ரோப் -ஆர்’ போட்டு இறக்கிப் பாருங்கள். வைஃபை வந்துவிட்டால் ஆள் அகப்பட்டது. நிரந்தரமாகத் தடுத்தால் சில எஃப்என் விசைகள் வேலை செய்யாது. அது பரவாயில்லையா என்பது உங்கள் முடிவு.

என்எம்சிஎல்ஐ ஜெனரலில் நிலை ‘அஸ்லீப்’ என்று இருந்தால் கணினி எழுந்த செய்தி நெட்வொர்க்மேனேஜருக்கு எட்டவில்லை. ‘என்எம்சிஎல்ஐ நெட்வொர்க்கிங் ஆன்’ என்று அடித்துப் பாருங்கள், அதில் வராவிட்டால் நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிங் போகிறது, ஆனால் இணையதளம் திறக்கவில்லை என்றால் டிரைவரைத் தொடவே வேண்டாம். ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் சிஸ்டம்டி-ரிசால்வ்டு’ போட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊர் நிலவரத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரண்ட் வந்த உடனே லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். லேப்டாப் இரண்டு மூன்று விநாடியில் எழுந்துவிடும். இன்வெர்ட்டரில் போடாத ஃபைபர் மோடம் மேலே ஏறி, லைன் பிடித்து, வைஃபை பெயரை ஒளிபரப்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் நெட்வொர்க்மேனேஜர் இணைய முயன்று தோற்றால், இயல்பு அமைப்பில் நான்கு முறைக்குப் பிறகு அந்த இணைப்பை ஐந்து நிமிடம் தொடாது. கடையில் ஆள் நிற்கும்போது ஐந்து நிமிடம் யார் பொறுப்பார்கள்? ரீஸ்டார்ட் செய்வீர்கள். அதற்குள் மோடமும் தயாராகியிருக்கும், ரீஸ்டார்ட்தான் சரிசெய்தது என்று தோன்றும். ஐகான் இருந்து, இணைப்பு மட்டும் இல்லாத நாட்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மோடத்தை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள், அல்லது இதை ஒருமுறை அடித்துவிடுங்கள்:

என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை "வைஃபை பெயர்" கனெக்‌ஷன்.ஆட்டோகனெக்ட்-ரீட்ரைஸ் 0

இந்த இடத்தில் 0 என்றால் விடாமல் முயற்சி செய் என்று பொருள். ஐகானே இல்லாத நாட்கள் வேறு கதை. அதுதான் டிரைவர் சமாச்சாரம்.

சஸ்பெண்ட் என்று ஒரே பொத்தானில் இருப்பது இரண்டு விதம். இதை அடித்துப் பாருங்கள்:

கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்

‘எஸ்2ஐடில் [டீப்]’ என்று வந்தால் சதுர அடைப்பில் இருப்பது நடப்பில் உள்ளது. டீப் என்பது எஸ்3. மெமரிக்கு மட்டும் மின்சாரம், மற்ற எல்லாம் அணையும். வைஃபை கார்டு தன் ரெஜிஸ்டர்களை, உள்ளே ஏற்றியிருந்த ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் சிறு நிரல்) எல்லாம் மறந்துவிடும். எழுந்ததும் டிரைவர் ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றி, ஒவ்வொரு அமைப்பையும் திரும்ப எழுத வேண்டும். எஸ்2ஐடில் விதத்தில் கணினி முழுதாக அணைவதில்லை. பிராசசர் சும்மா இருக்கும், ஒவ்வொரு சாதனமும் தனித்தனியே டி3 என்ற குறைந்த மின் நிலைக்குப் போய் டி0-வுக்குத் திரும்ப வேண்டும். டீப்பில் வரும் கோளாறு பெரும்பாலும் ஃபர்ம்வேர் மறுபடி ஏறாதது, அல்லது பயாஸ் கார்டைச் சரியாக எழுப்பாதது. எஸ்2ஐடிலில் வருவது பெரும்பாலும் பிசிஐ இணைப்பின் மின்சேமிப்பு சம்பந்தப்பட்டது.

இரண்டும் பட்டியலில் இருந்தால் மற்றதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும்:

எக்கோ எஸ்2ஐடில் | சூடோ டீ /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்

இது அடுத்த ரீஸ்டார்ட் வரை நிற்கும். பலன் கிடைத்தால் /ஈடிசி/டீஃபால்ட்/க்ரப் கோப்பில் கர்னல் வரியில் (‘க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டீஃபால்ட்’ என்று தொடங்கும் வரி, மேற்கோள் குறிகளுக்குள்) ‘மெம்_ஸ்லீப்_டீஃபால்ட்=எஸ்2ஐடில்’ சேர்த்து ‘சூடோ அப்டேட்-க்ரப்’ அடியுங்கள். பழைய லேப்டாப்பில் எஸ்2ஐடில் பேட்டரியைக் கூடுதலாகத் தின்னும். நாள் முழுக்கப் பராமரிப்பு மின்தடை இருக்கும் நாளில் அது உறைக்கும். பட்டியலில் எஸ்2ஐடில் மட்டும் இருந்தால் பயாஸ் எஸ்3-ஐக் கொடுக்கவில்லை, கர்னல் வரியில் டீப் என்று எழுதியும் பயனில்லை. சில திங்க்பேடுகளின் பயாஸில் ‘ஸ்லீப் ஸ்டேட்’ என்ற இடத்தில் லினக்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் எஸ்3 கிடைக்கும்.

இனி கர்னல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

ஜர்னல்சிடிஎல் -கே -பி

ரீஸ்டார்ட் செய்துவிட்டிருந்தால் முந்தைய ஓட்டத்தைப் பார்க்க இறுதியில் -1 சேருங்கள். ‘பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி’ என்ற வரியிலிருந்து ‘பிஎம்: சஸ்பெண்ட் எக்ஸிட்’ வரையும், அதன்பின் ஓர் ஐம்பது வரியும் படித்தால் போதும். ‘ஃபெயில்டு டு ரெஸ்யூம்’ என்ற சொல் எந்தச் சாதன எண்ணோடு வருகிறதோ, அதை எல்எஸ்பிசிஐ வரியின் தொடக்கத்தில் 02:00.0 மாதிரி இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள் (கர்னல் அதற்கு முன்னால் 0000: சேர்த்துச் சொல்லும்). ஒட்டியிருக்கும் பிழை எண்ணுக்கு அர்த்தம் உண்டு. -110 என்றால் சிப் குறித்த நேரத்துக்குள் பதில் தரவில்லை. -2 என்றால் ஃபர்ம்வேர் கோப்பே இல்லை. லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்தாலே தீரும். -19 என்றால் சாதனம் இல்லை, -5 என்றால் படிக்க எழுத முடியவில்லை. -16 தூங்கப் போகும்போது வரும்: ஏதோ ஒரு சாதனம் விடமாட்டேன் என்கிறது, கணினி தூங்கவே இல்லை. பையில் வைத்த லேப்டாப் சித்திரை வெயிலில் நிறுத்திய பைக் சீட் மாதிரிக் கொதித்தால் இந்த எண்ணைத் தேடுங்கள். ‘அனேபிள் டு சேஞ்ச் பவர் ஸ்டேட் ஃப்ரம் டி3கோல்டு டு டி0’ என்ற வரி வந்தால் கார்டு முழுமையாக மின்சாரம் இழந்து திரும்பவில்லை. இதற்கு மருந்து பின்னால் வருகிறது.

‘பாதி நேரம்’ வரும் கோளாறைப் பிடிக்க மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆர்டிசிவேக் என்ற கருவி கணினியைத் தூங்க வைத்து, சொன்ன விநாடியில் தானே எழுப்பும்.

சூடோ ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 30

இந்த வழி சிஸ்டம்டியிடமும் நெட்வொர்க்மேனேஜரிடமும் ஒன்றும் சொல்லாமல் நேராகக் கர்னலைத் தூங்க வைக்கும். மூடியை மூடினால் நடப்பது போன்ற முழுப் பாதையைச் சோதிக்க வேண்டுமென்றால்:

சூடோ ஆர்டிசிவேக் -எம் நோ -எஸ் 40
சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட்

முதல் ஆணை அலாரம் மட்டும் வைக்கும், இரண்டாவது வழக்கமான வழியில் தூங்க வைக்கும். இரண்டையும் பத்துப் பத்து முறை ஓட்டுங்கள். முதல் வழியிலேயே கார்டு விழுகிறது என்றால் தவறு கர்னல், டிரைவர், பயாஸ் பக்கம். முதல் வழி எப்போதும் சரி, இரண்டாவது மட்டும் சொதப்புகிறது என்றால் நெட்வொர்க்மேனேஜரையோ, டிஎல்பி போன்ற மின்சேமிப்புக் கருவியையோ, யாரோ போட்டுவைத்த ஸ்கிரிப்டையோ தேடுங்கள்.

இந்தச் சோதனையைச் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று, மாட்டிக்கொண்டு ஒரு சுற்று செய்யுங்கள். உங்கள் லேப்டாப் பேட்டரியில் தூங்கி, கரண்ட் வந்தபின் சார்ஜரில் எழுகிறது. டிஎல்பி இருந்தால் பேட்டரியில் பிசிஐ மின்சேமிப்பை இறுக்கி, சார்ஜரில் தளர்த்தும். சார்ஜர் மாட்டியே சோதித்துவிட்டு ‘எனக்கு வரலையே’ என்று சர்வீஸ் கடைக்காரர் திருப்பி அனுப்புவதன் ரகசியம் பல நேரம் இதுதான். மூன்றாவது சுற்றாகப் பேட்டரியில் தூங்க வைத்து, தூங்கும்போதே சார்ஜரைச் செருகுங்கள்.

முதல் வழியிலேயே விழுந்தால், இன்னும் ஒரு படி உள்ளே போகலாம்:

எக்கோ டிவைசஸ் | சூடோ டீ /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்
எக்கோ மெம் | சூடோ டீ /சிஸ்/பவர்/ஸ்டேட்

இது எல்லா டிரைவரையும் தூங்கச் சொல்லி, உண்மையில் மின்சாரத்தை அணைக்காமல், ஐந்து விநாடி பொறுத்து எழுப்பும். இதிலேயே வைஃபை போய்விட்டால் பயாஸ் மீது பழியில்லை, டிரைவர்தான். இதில் தப்பி, உண்மையான தூக்கத்தில் மட்டும் விழுந்தால் மின்சாரம் அணைந்து வரும் கட்டத்தில் சிக்கல். பயாஸ் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்ததும் மறக்காமல் முதல் வரியில் டிவைசஸ் என்ற இடத்தில் ‘நன்’ என்று போட்டு மறுபடி அடியுங்கள். இல்லையென்றால் ரீஸ்டார்ட் வரை மூடியை எப்போது மூடினாலும் ஐந்து விநாடியில் எழுந்து உட்காரும்.

இனி வைத்தியம். டிரைவர் இருக்கிறது, ஆனால் வைஃபை எழவில்லை என்றால் பலரும் சொல்வது மாட்யூலை இறக்கி ஏற்றுவது. சொல்வது சரி, செய்யும் நேரம்தான் தவறு. எழுந்தபின், சிப் மயங்கிக் கிடக்கும்போது ‘மாட்ப்ரோப் -ஆர்’ அடித்தால், பதில் தராத சிப்புக்காகக் காத்து அந்த ஆணையே தொங்கிவிடக்கூடும். அப்புறம் ரீஸ்டார்ட்கூட ஒழுங்காக நடக்காது. சிப் ஆரோக்கியமாக இருக்கும்போது, அதாவது தூங்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். எழுந்தபின் புதிதாக ஏற்ற வேண்டும். அப்போது தூக்கத்தின் வழியாக டிரைவர் போவதே இல்லை, அதன் எழுப்பும் பகுதியில் இருக்கும் கோளாறு தொடாது.

இதற்கு இடம் /யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப் என்ற அடைவு. அதற்குள் வைஃபை-ரீலோட் என்று ஒரு கோப்பு, உள்ளே இந்த வரிகள்:

#!/பின்/எஸ்ஹெச்
கேஸ் "$1" இன்
ப்ரீ) மாட்ப்ரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஇ ;;
போஸ்ட்) ஸ்லீப் 2; மாட்ப்ரோப் ஆர்டிஎல்8723பிஇ ;;
ஈசாக்

கடைசி வரி கேஸ் என்ற சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாக அடிப்பது. ஆர்டிஎல்8723பிஇ என்ற இடத்தில் உங்கள் எல்எஸ்பிசிஐ காட்டிய டிரைவர் பெயரைப் போடுங்கள். டிரைவர் பெயரும் மாட்யூல் பெயரும் சில சமயம் கொஞ்சம் மாறும். அடுத்த வரியில் ‘கர்னல் மாட்யூல்ஸ்’ என்று இருப்பதே மாட்யூல். பிறகு ‘சூடோ சிஹெச்மாட் 755’ போட்டு இயங்கும் உரிமை கொடுங்கள். அதைக் கொடுக்காவிட்டால் சிஸ்டம்டி ஒரு வார்த்தை சொல்லாமல் கோப்பைத் தாண்டிப் போகும். இந்த முறை வேலை செய்யவில்லை என்பவர்களில் பலர் தவறவிடுவது இந்த உரிமையைத்தான். ஓடியதா என்று பார்க்க ‘ஜர்னல்சிடிஎல் -யு சிஸ்டம்டி-சஸ்பெண்ட் -பி’. நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யும் வரி தேவையில்லை. மாட்யூல் ஏறியதும் கார்டை அதுவே கண்டுகொள்ளும்.

இன்டெல் கார்டு என்றால் ஐடபிள்யூஎல்வைஃபை மேல் ஐடபிள்யூஎல்எம்விஎம் உட்கார்ந்திருக்கும். மேலே இருப்பதை முதலில் இறக்க வேண்டும்: ‘மாட்ப்ரோப் -ஆர் ஐடபிள்யூஎல்எம்விஎம் ஐடபிள்யூஎல்வைஃபை’. ஏற்றும்போது ஐடபிள்யூஎல்வைஃபை மட்டும் போதும், மற்றது தானே வரும்.

ஆனால் இந்த ஸ்கிரிப்ட் ஒட்டுப்போடுவதுதான். அதற்கு முன் மின்சேமிப்பு அமைப்பை மாற்றிப் பார்ப்பது நல்லது, பல ரியல்டெக் கார்டுகளில் அதோடு தீர்ந்துவிடும். ஆர்டிஎல்8723பிஇ என்றால் /ஈடிசி/மாட்ப்ரோப்.டி அடைவில் ‘.கான்ஃப்’ என்று முடியும் ஒரு கோப்பில்:

ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஐபிஎஸ்=0 எஃப்டபிள்யூஎல்பிஎஸ்=0

ஆர்டிஎல்8821சிஇ என்றால் அதற்கு ஆர்டிடபிள்யூ88 குடும்ப டிரைவர், கர்னல் 5.9 முதல் உள்ளேயே இருக்கிறது, உபுண்டு 22.04-இன் 5.15-இலும் உண்டு:

ஆப்ஷன்ஸ் ஆர்டிடபிள்யூ88_பிசிஐ டிசேபிள்_ஏஎஸ்பிஎம்=ஒய்
ஆப்ஷன்ஸ் ஆர்டிடபிள்யூ88_கோர் டிசேபிள்_எல்பிஎஸ்_டீப்=ஒய்

ரீஸ்டார்ட் செய்து, அமைப்பு ஏறியதா என்று உறுதிசெய்யுங்கள்: ‘கேட் /சிஸ்/மாட்யூல்/ஆர்டிடபிள்யூ88_பிசிஐ/பாராமீட்டர்ஸ்/டிசேபிள்_ஏஎஸ்பிஎம்’ என்றால் ஒய் என்று வர வேண்டும். ‘என்’ என்ற எழுத்து வந்தால் கோப்பில் எங்கோ எழுத்துப்பிழை. 8821சிஇ-க்கு முன்பு யாராவது வெளியிலிருந்து டிகேஎம்எஸ் டிரைவர் (ஒவ்வொரு கர்னலுக்கும் தனியே கம்பைல் ஆவது) போட்டிருந்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும். ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ அடித்துப் பார்த்து அதை நீக்கிவிட்டு, கர்னலோடு வருவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டிஎல்8723பிஇ-யில் எழுந்தபின் சிக்னல் ஒரே புள்ளியாகத் தெரிந்தால் அது வேறு விஷயம். ஒற்றை ஆன்டெனா லேப்டாப்புகளில் டிரைவர் தவறான துளையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதே வரியில் ‘ஏஎன்டி_செல்=2’ சேர்த்துப் பாருங்கள், சரியில்லையென்றால் 1.

நெட்வொர்க்மேனேஜரில் வைஃபை.பவர்சேவ் 3 என்பதை 2 ஆக்கு என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். அது ஓடும்போது வேகம் குறைவதற்கு மருந்து, எழாத கார்டுக்கு அல்ல. போட்டால் கெடுதல் இல்லை, அவ்வளவே.

ரெவ் எஃப்எஃப் அல்லது டி3கோல்டு வகையில் மாட்டிக்கொண்ட கார்டை ரீஸ்டார்ட் இல்லாமல் திரும்பப் பெற ஒரு வழி, அதைப் பஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி தேடச் சொல்வது. எல்எஸ்பிசிஐ வரியின் தொடக்கத்தில் இருக்கும் எண் 02:00.0, முன்னால் 0000: சேர்த்தால் 0000:02:00.0 என்று வைத்துக்கொண்டால்:

எக்கோ 1 | சூடோ டீ /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:02:00.0/ரிமூவ்
எக்கோ 1 | சூடோ டீ /சிஸ்/பஸ்/பிசிஐ/ரீஸ்கேன்

எண்ணை இரண்டுமுறை சரிபாருங்கள். தவறிப்போய் டிஸ்க் கன்ட்ரோலர் எண்ணை அடித்தால் அந்த நிமிடமே கணினி உறைந்துவிடும். கார்டு இப்படி மாட்டிக்கொள்ளாமல் தடுக்க, தூங்கும் முன் அதே அடைவில் உள்ள ‘டி3கோல்டு_அலவ்டு’ கோப்பில் 0 எழுதுங்கள். அது போதாவிட்டால் கர்னல் வரியில் ‘பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்.பாலிசி=பெர்ஃபார்மன்ஸ்’ முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ‘பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்’. கடைசி இரண்டும் எல்லாச் சாதனத்தையும் பாதிக்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கலாம். எனவே மேலே உள்ளவற்றைத் தாண்டிவிட்டு நேராக அவற்றுக்குப் போகாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பத்துமுறை ஆர்டிசிவேக், பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் எது சரிசெய்தது என்றும் தெரியாது, எதைத் திரும்ப எடுப்பது என்றும் தெரியாது.

கர்னலை மாற்றிப் பார்ப்பதும் சோதனைதான். தொடங்கும்போது க்ரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் சரியாக இருந்தால் புதிய கர்னலில் வந்த கோளாறு. இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் 24.04 லைவ் பென்டிரைவ் போட்டு, நிறுவாமலே ஆர்டிசிவேக் ஓட்டுங்கள். அது 6.8 கர்னலோடு வெளிவந்தது. அங்கே பத்துக்குப் பத்து சரியென்றால் மேம்படுத்துவதே சுருக்கமான வழி.

டெஸ்க்டாப்புக்கு வருவோம். 10இசி:8168 என்று இருந்தால் டிரைவர் ஆர்8169. கணினி எழுந்து நெட் வராதபோது முதலில் பின்னால் குனிந்து கேபிள் செருகும் இடத்து விளக்கைப் பாருங்கள். விளக்கே இல்லையென்றால் இணைப்பு எழவில்லை. எரிகிறது, ஆனால் நெட் இல்லை என்றால் அதை மட்டும் வைத்து கேபிளோ மோடமோ சரி என்று முடிவு கட்ட முடியாது, இணைப்பு எந்த வேகத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

சூடோ ஈத்டூல் இஎன்பி2எஸ்0

உங்கள் கார்டின் பெயர் ‘ஐபி லிங்க்’ அடித்தால் தெரியும். இதில் மூன்று வரி முக்கியம்: ஸ்பீடு, வேக்-ஆன், லிங்க் டிடெக்டட். தொலைவிலிருந்து எழுப்பும் வசதிக்காக வேக்-ஆன் ‘ஜி’ என்று இருந்தால், தூங்கும்போது டிரைவர் வேகத்தைக் குறைத்து இணைப்பை உயிரோடு வைத்திருக்கும். எழுந்ததும் அது பழைய வேகத்துக்குப் பேசித் திரும்ப வேண்டும். அங்கே தடுமாறினால் வேகம் 10-இல் நிற்கும் அல்லது லிங்க் ‘நோ’ என்று இருக்கும். ‘சூடோ ஈத்டூல் -ஆர் இஎன்பி2எஸ்0’ அந்தப் பேச்சை மறுபடி தொடங்கும். அதில் வந்துவிட்டால் வேக்-ஆன் வசதியை அணைத்துவிடுங்கள், இ-சேவை மையத்தில் யாரும் இரவில் தொலைவிலிருந்து கணினியை எழுப்பப் போவதில்லை:

என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை "இணைப்பின் பெயர்" 802-3-ஈதர்நெட்.வேக்-ஆன்-லேன் நன்

எப்போதும் 100-இலேயே நிற்கிறது, தூக்கத்துக்கு முன்பும் அப்படித்தான் என்றால் பெரும்பாலும் டிரைவர் அல்ல, மோடத்தின் துளையே 100 வேகத்துக்கானதாக இருக்கலாம், அல்லது கேபிளில் நான்கு ஜோடியில் ஏதோ ஒன்று போயிருக்கலாம். கேபிள் என்றால் முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

அதே டெஸ்க்டாப்பில் விண்டோஸும் இருக்கிறதா? விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் உண்மையில் அணைக்காமல் பாதித் தூக்கத்தில் விட்டுப் போகும். கார்டு விசித்திரமான நிலையில் லினக்ஸ் கைக்கு வரும். விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு ‘பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்’ அடித்துவிட்டுப் பாருங்கள். ஆர்8168-டிகேஎம்எஸ் என்ற மாற்று டிரைவரைக் கடைசியாக வையுங்கள். கர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் அது மறுபடி கம்பைல் ஆக வேண்டும், ஆகாத நாளில் கேபிள் நெட் முழுவதும் போகும். செக்யூர் பூட் இருந்தால் சாவி பதியும் வேலையும் சேரும்.

ஆனால் ஒரு கேள்வி: யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பை எதற்காகச் சஸ்பெண்ட் செய்கிறீர்கள்? தூக்கத்தில் மெமரிக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் திறந்து வைத்த விண்ணப்பமெல்லாம் போய்விடும். அதற்கு அணைத்துவிடுவதே மேல்.

போன் யுஎஸ்பி டெதரிங்கில் ஓட்டும் நாட்களில் தூங்கி எழுந்தால் போன் இணைப்பை முறித்துக்கொள்ளும், டெதரிங்கைப் போனில் மறுபடி இயக்க வேண்டும். இது டிரைவர் பிழை அல்ல. பல போன்கள் ஒவ்வொரு முறையும் புது மேக் முகவரியோடு (கார்டின் தனி அடையாள எண்) வரும். எனவே மேக் முகவரியோடு கட்டிப்போட்ட இணைப்பு அமைப்பை வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் லேப்டாப் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி என்றால், வெளியே ஒரே அரசு முத்திரை இருந்தாலும் உள்ளே இருக்கும் வைஃபை சிப் ஆண்டுக்கு ஆண்டு, கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியான ஆணையை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். பிராட்காம் சிப்பும் ‘டபிள்யூஎல்’ என்ற டிரைவரும் இருந்தால் மேலே சொன்ன மின்சேமிப்பு வரிகள் பொருந்தாது. தூங்கும் முன் இறக்கி எழுந்தபின் ஏற்றும் ஸ்கிரிப்டே அதற்கு நடைமுறை வழி.

எதற்கும் மசியாவிட்டால் கார்டை மாற்றிவிடலாம். புதிய லேப்டாப்பில் எம்.2 2230 அளவு, ஈ சாவி (செருகும் முனையின் வெட்டு வகை). பழையதில் பாதி உயர மினி பிசிஐஇ. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வாங்கப் போகும்போது பழைய கார்டைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள், ஆன்டெனா முனையின் அளவும் ஒத்துப்போக வேண்டும். பழைய ஹெச்பி, லெனோவோ மாடல்கள் சிலவற்றில் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது, திரையில் பிழை காட்டி நின்றுவிடும். திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

மாற்ற விருப்பமில்லை, சரிசெய்யவும் முடியவில்லை என்றால் ‘உபுண்டு-பக் லினக்ஸ்’ அடித்துப் பிழையைப் பதியுங்கள். அடிக்க வேண்டிய நேரம், கார்டு விழுந்து கிடக்கும்போது. நெட் அந்த நேரத்தில் இருக்காது, எனவே போன் டெதரிங் போட்டுக்கொள்ளுங்கள். சிப் எண், டீப்பா எஸ்2ஐடிலா, ஆர்டிசிவேக் பத்தில் எத்தனை முறை விழுந்தது, பிஎம்_டெஸ்ட்டில் விழுந்ததா இல்லையா, எந்தக் கர்னலில் சரியாக இருந்தது, இந்த ஐந்தையும் எழுதுங்கள். ‘வைஃபை வரவில்லை’ என்று மட்டும் எழுதியதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.